ஒன்றாம் ஆண்டு யாருக்கு?

ஆசிரியர் நியமனம் கிடைத்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குப் போகும் முதல் நாள் தலைமையாசிரியர் உங்களைச் சிரித்த முகத்தோடு வரவேற்பார். தேநீர் வாங்கித் தருவார். இளரத்தம், துடிப்பு என்று நாலு வார்த்தை புகழ்வார். அப்புறம் ஒன்றாம் ஆண்டு வகுப்பைத் தூக்கி உங்கள் கையில் கொடுப்பார். துடிப்பைப் பார்த்துத்தான் கொடுத்தார் என்று நம்பிவிடாதீர்கள். பழைய ஆசிரியர்கள் எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டதில் மிஞ்சியது அது. பந்திக்குக் கடைசியாக வந்தவனுக்கு அடிச்சட்டி ரசம் கிடைப்பது போலத்தான்.

நான் புதிதாக வந்தபோது எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. மேடை ஏறினால் நாம் எல்லோரும் "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று கை ஆட்டிப் பேசுவோம். வருடத் தொடக்கத்தில் வகுப்புப் பங்கீடு என்று உட்கார்ந்தால் அந்த ஐந்து யாருக்கும் ஞாபகம் வராது. நல்ல ஆசிரியர் ஆறாம் ஆண்டுக்கு, நேற்று வந்தவர் ஒன்றாம் ஆண்டுக்கு. இதுதான் நம் வழக்கம். ஆறாம் ஆண்டுக்கு அரசுத் தேர்வு இருந்த காலத்தில் அதற்கு ஒரு காரணமாவது இருந்தது. தேர்வை எடுத்துவிட்டார்கள். வழக்கத்தை யாரும் எடுக்கவில்லை.

நான் தலைமையாசிரியையாகப் போன கடைசிப் பள்ளி, டத்தோ கிராமாட் பக்கம் இருந்த ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளி. பெயர் வேண்டாம். பிள்ளைகள் பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளிலிருந்து வருபவர்கள். பெற்றோரில் பாதிப் பேர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை. கோவிட் காலத்துக் கதவடைப்பு முடிந்து பள்ளிகள் பழையபடி நடக்க ஆரம்பித்திருந்த நேரம் அது.

போன புதிதில் மூன்றாம் ஆண்டுக்குள் நுழைந்தேன். ஒரு பையனை வாசிக்கச் சொன்னேன். புத்தகத்தைத் திறந்தான். கடகடவென்று வாசித்தான், பக்கம் முடிகிற இடத்தில் சரியாகத் திருப்பவும் திருப்பினான். ஆனால் கண் என்னவோ மேலே சுற்றும் காற்றாடியில் இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, புத்தகத்தை வாங்கி வேறொரு பாடத்தைத் திறந்து கொடுத்தேன். அவன் பழைய பாடத்தையே மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான்! சிரிப்பு வந்தது. அலுவலகத்துக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வகுப்பில் அவன் ஒருவன் மட்டும் அப்படி இல்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த ஆண்டு இந்தப் பள்ளியின் மிகச் சிறந்த ஆசிரியர் ஒன்றாம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

மிகச் சிறந்தவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆறாம் ஆண்டு சேகரன் சார். ஆறாம் ஆண்டு என்பது அவருக்கு இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் வெளியே பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களும் வாய்ப்பாடு கற்றுக்கொள்ளலாம். அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்?"

"ஒரு தப்பும் பண்ணல சார். அதனாலதான் உங்ககிட்ட குடுக்கறேன்."

"எத்தனை வருசமா ஆறாம் ஆண்டு எடுக்கறேன். என்னைக் கொண்டுபோய் ஆனா ஆவன்னா சொல்லிக்குடுக்கச் சொல்றீங்க. நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"சார், ஆறாம் ஆண்டுக்கு வர்ற பிள்ளைங்கள்ல பாதிக்கு வாசிக்கத் தெரியலன்னு நான் வந்த நாள்லேருந்து என்கிட்ட புலம்பறது யாரு?"

"நான்தான்."

"அப்போ போய் வாசலிலேயே பிடிங்க."

"ஆறாம் ஆண்டை யாரு எடுப்பா?"

"நான் எடுக்கறேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டுப் போன சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சேகரன் சாரையாவது சமாளித்துவிட்டேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் இருக்கிறதே, அது தனிக்கதை. சங்கத் தலைவர் பரமசிவம். எல்லோருக்கும் பரமு அண்ணன். லாரிகள் வைத்துத் தொழில் செய்பவர், பள்ளிக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக ஓடி வருபவர். அவருடைய கடைக்குட்டி மகன் அந்த வருடம் ஆறாம் ஆண்டு. வயிற்றெரிச்சல் வராதா?

"என்ன லா டீச்சர் இது! கடைசி வருசத்துல பிள்ளைங்க கையை விட்டுட்டு, சின்னப் பிள்ளைங்களுக்கு மூக்கு சிந்தி விடறதுக்கா சேகரன் சாரு?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "எங்க பிள்ளையை வேற ஸ்கூலுக்கு மாத்திடுவோம்" என்றது. இன்னொரு குரல் "ஆமாம்" என்றது. சின்னப் பள்ளிக்கு அதைவிடப் பயங்கரமான வார்த்தை கிடையாது. பத்துக் குடும்பம் போனால் பள்ளி கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிவிடும்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் புதிதாக வேலைக்கு வந்தபோது இருந்த தலைமையாசிரியர் சொன்ன ஒரு வார்த்தை அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. "பயப்படறதைத் தனியா பயப்படும்மா. முடிவெடுக்கறதை நாலு பேரு முன்னாடி எடு." அவர் எனக்குக் கொடுத்த சொத்து அந்த ஒரு வார்த்தைதான். மைக்கைக் கையில் வாங்கினேன்.

"வருசக் கடைசிக் கூட்டத்துக்கு எல்லாரும் வாங்க. ஒண்ணாம் ஆண்டு மொத்தத்தையும் இதே மண்டபத்துல உட்கார வைக்கறேன். எந்தப் பிள்ளையை வேணும்னாலும் நீங்களே எழுப்புங்க. அந்தப் பிள்ளை வாசிக்கலன்னா, நான் மாற்றல் கேட்டு எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன். வர்றவங்க உங்க இஷ்டப்படி சேகரன் சாரை ஆறாம் ஆண்டுக்கே அனுப்பட்டும்."

பரமு அண்ணன் என்னை உற்றுப் பார்த்தார். "எந்தப் பிள்ளையை வேணும்னாலுமா?"

"எந்தப் பிள்ளையை வேணும்னாலும்."

வீட்டுக்குப் போகும் வழியில், காடியை ஓரமாக நிறுத்திவிட்டு அதற்குள் தனியாக உட்கார்ந்து நன்றாகப் பயந்தேன். வாயைக் கொடுத்து வம்பை வாங்கியாகிவிட்டது. ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தது. கடைசியில் வாக்குத் தவறியவள் என்ற பெயரோடு போக நேர்ந்தால், ஒன்றாம் ஆண்டு மறுபடியும் கடைசியாக வந்தவர் தலையில் விழும். அதை மாற்ற அப்புறம் யாருக்கும் துணிச்சல் வராது.

சேகரன் சாரின் முதல் வாரம் எப்படிப் போனது என்று கேட்கிறீர்களா? முதல் நாள் அவர் வழக்கமான குரலில் "வணக்கம் மாணவர்களே!" என்றார். முன்வரிசை மொத்தமும் அழ ஆரம்பித்தது. ஒரு பையன் கால்சட்டையை நனைத்துவிட்டான். இன்னொருவன் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் கேட் வரை ஓடிவிட்டான், காவலாளி பிடித்துக்கொண்டு வந்தார். வார முடிவில் சார் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். சட்டையில் யாரோ வாய் துடைத்த மைலோ பானக் கறை.

"ஆறாம் ஆண்டுல நான் புலி டீச்சர்."

"இங்க பூனையா?"

"பூனையா இருந்தாலும் பரவாயில்ல லா. பூனையைப் பார்த்தா இதுங்க கொஞ்சம் நிக்கும்!"

நான் அறிவுரை சொல்லவில்லை. இதைக் கவனமாகக் கேளுங்கள், ஒரு நாள் நீங்களும் தலைமையாசிரியர் ஆவீர்கள். விழுந்து கிடக்கிறவரிடம் எப்படி நடப்பது என்று பாடம் எடுக்கக் கூடாது. ஆறாம் ஆண்டில் நான் பட்ட பாட்டைச் சொன்னேன். பின்னம் சொல்லிக்கொடுக்கப் போய்க் கரும்பலகையில் நானே தப்பாகப் போட்டதையும், பரமு அண்ணன் மகன் எழுந்து "டீச்சர், சேகரன் சாரு இப்படிப் போடமாட்டாரு" என்றதையும் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்தபின், "சரி, நான் போய்ப் பார்க்கறேன். பின்னம் பத்திச் சந்தேகம்னா கேளுங்க" என்று எழுந்து போனார். வந்ததைவிட நிமிர்ந்துதான் போனார்.

பிள்ளைகள் மெல்ல மெல்ல வழிக்கு வந்தார்கள். ஒரே ஒருத்தி வரவில்லை. லோஷினி. வகுப்பிலேயே ஆகச் சின்ன உருவம். அழவும் மாட்டாள், ஓடவும் மாட்டாள். பேசவும் மாட்டாள். சார் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். சத்தமாகக் கேட்டால் மேசைக்குக் கீழே போய்விடுவாள். பள்ளி திறந்து பல வாரம் ஆகியும் அவள் குரல் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. "வாய் பேசாத பிள்ளையோ?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். எனக்கு அந்த மண்டபமும் "எந்தப் பிள்ளையை வேணும்னாலும்" என்ற என் வாய்ச்சவடாலும் ஞாபகத்துக்கு வந்தன.

சார் அவள் அம்மாவை வரச் சொன்னார். நானும் கூட இருந்தேன். அந்தப் பெண் பதறிப் போய் வந்தாள்.

"வீட்டுல பேசுவாளா?" என்று கேட்டார் சார்.

"பேசுவா சார். ஆனா மெதுவாத்தான். அவங்க அப்பாவுக்கு பாயான் லெப்பாஸ்ல நைட் ஷிஃப்ட். காலையில வந்து படுப்பாரு. ஒரே ரூமு. குழந்தையில இருந்தே சத்தம் போடாத, அப்பா தூங்கறாரு, அப்பா தூங்கறாருன்னே வளர்த்துட்டோம். கோவிட் நேரத்துல வெளியவும் விடல. அவளுக்குச் சத்தமாப் பேசவே தெரியாது சார்."

அந்தப் பெண் போன பிறகும் சார் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். "நான் என்னடான்னா அந்தப் பிள்ளைகிட்ட போய்க் கத்திக்கிட்டு இருக்கேன்" என்றார், தனக்குத்தானே.

மறுநாள் அந்தப் பக்கம் போனேன். ஒன்றாம் ஆண்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஐயோ, பிள்ளைகள் எல்லாம் கேட்டுக்கு ஓடிவிட்டார்களா என்று விரைந்து போனேன். எட்டிப் பார்த்தேன். அத்தனை உயரமான மனிதர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பிள்ளைகள், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு. சார் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"உஸ்... அப்பா தூங்கறாரு. எழுப்பிடாம வாசிக்கணும். யாரு வாசிக்கறா?"

கரும்பலகையில் பெரிய எழுத்தில் "அப்பா தூங்குகிறார்" என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிசுகிசுத்தார்கள். அவர்களுக்கு அது ஏதோ திருட்டு விளையாட்டு மாதிரி, கண்ணெல்லாம் சிரிப்பு. லோஷினியின் முறை வந்தது. சார் காதை அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் உதடு அசைந்தது. சார் நிமிர்ந்து, வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இரண்டு மடங்கு இறங்கியது.

அதன் பிறகு அந்த வகுப்பு கிசுகிசு வகுப்பு ஆகிவிட்டது. புலிக் குரல்காரர் குரலை இறக்கினார், பிள்ளைகள் அதைக் கேட்பதற்காகவே அடங்கினார்கள். மனப்பாடத்துக்கு அவர் இடமே கொடுக்கவில்லை. பிஸ்கட் உறை, கேண்டீன் பலகை, தைப்பூசத்துக்கு ஒட்டிய பழைய சுவரொட்டி, எது கிடைத்தாலும் வாசிப்பதுதான். அதற்கு என்ன பொருள் என்று கேட்காமல் ஒரு பிள்ளையையும் விடமாட்டார். லோஷினியும் வாசித்தாள், சார் காதுக்குள் மட்டும்.

வருடக் கடைசிக் கூட்டம் வந்தது. மண்டபம் நிரம்பி, வெளியிலும் ஆட்கள். தலைமையாசிரியை மூட்டை கட்டுகிறாளா இல்லையா என்று பார்க்க வந்த கூட்டம் என்று எனக்குத் தெரியாதா என்ன? ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் பாடநூலை எடுத்துப் பரமு அண்ணனிடம் நீட்டினேன்.

"புத்தகம் வேண்டாம் டீச்சர்" என்றார் அவர். "நானும் தமிழ்ப்பள்ளியில படிச்சவன்தான். புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டே முழுசா ஒப்பிச்சவன் நானு."

மண்டபம் சிரித்தது. மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகைகளை அன்றைக்குத்தான் செயற்குழுவினருக்குக் கொடுக்கக் கொண்டு வந்திருந்தார். பையிலிருந்து ஒன்றை எடுத்தார். மஞ்சள் தடவிய பத்திரிகை. பிள்ளைகளை ஒரு நோட்டம் விட்டார். ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஆகச் சின்னப் பிள்ளையை நோக்கிக் கையை நீட்டினார்.

லோஷினி.

சேகரன் சார் பாதி எழுந்துவிட்டார். வேறு பிள்ளையைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் எழுந்தார். என் வாய்க்கும் அதே வார்த்தைதான் வந்தது. அந்த ஒரு கணத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன். இவள் வேண்டாம் என்று நான் சொன்னால் ஒருவேளை என் இடம் தப்பிக்கும். ஆனால் இந்தப் பிள்ளைக்கு முடியாது என்று ஊர் முன்னால் அறிவித்ததாக ஆகும், அவள் காதுபடவே. சாரைப் பார்த்துக் கையமர்த்தினேன். அவர் உட்கார்ந்தார்.

லோஷினி எழுந்து வந்து பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கினாள். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பின்வரிசையில் முணுமுணுப்பு ஆரம்பித்தது.

"சத்தமாப் படி பாப்பா" என்றார் பரமு அண்ணன்.

அவள் சாரைப் பார்த்தாள். சார் உதட்டில் விரலை வைத்து, மெதுவாகவே படி என்பது போலத் தலையாட்டினார். நான் மைக்கை எடுத்துக்கொண்டு போய் மண்டியிட்டு அவள் வாயருகே பிடித்தேன்.

"நி... நிகழும்... மங்... மங்க... ளகர... மான..."

மண்டபம் முழுவதும் அந்தக் கிசுகிசுப்பு பரவியது. யாரோ ஒருவரின் கைப்பேசி அடித்தது, சுற்றியிருந்தவர்கள் முறைத்த முறைப்பில் அது உடனே அணைந்தது. லோஷினி விரலை வைத்து வரி வரியாகப் போனாள். கஷ்டமான சொற்களில் நின்றாள், உடைத்தாள், கூட்டினாள், தாண்டினாள். மணமகள் பெயர், மணமகன் பெயர், மண்டபம், நேரம். "சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து" என்று வந்ததும் நிறுத்திவிட்டாள். நிமிர்ந்து பரமு அண்ணனைப் பார்த்தாள்.

"சுற்றம்னா யாரு?"

எல்லோருக்கும் கேட்டது, மைக் என் கையில்தானே இருந்தது. பரமு அண்ணன் திணறினார்.

"அது... சொந்தக்காரங்க, வேண்டியவங்க, எல்லாரும்தான்."

"எங்க கிளாசுமா?"

அப்புறம் மண்டபம் வெடித்ததே ஒரு சிரிப்பு, ஒரு கைதட்டல், கூரை எழும்பிவிடும் என்று நினைத்தேன். மனப்பாடம் செய்த பிள்ளை கேள்வி கேட்குமா? புரிந்து வாசித்த பிள்ளைதான் கேட்கும். பரமு அண்ணனுக்கும் அது புரிந்துவிட்டது. மைக்கை என்னிடமிருந்து வாங்கினார்.

"உங்க கிளாசும்தான் லா! ஒண்ணாம் ஆண்டு மொத்தமும் என் மக கல்யாணத்துக்கு வரணும். சேகரன் சாரு கூட்டிக்கிட்டு வரணும்." என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்க எங்கயும் போக வேண்டாம். போனா நாங்க விடமாட்டோம்."

சேகரன் சார் அழுதார். அதை மறைக்கவும் இல்லை. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. சேலை கட்டியிருந்ததால் கைதட்டினேன்.

அடுத்த ஆண்டுக்கான பங்கீட்டுக்கு முன் சார் என் அறைக்கு வந்தார். நான் முந்திக்கொண்டு, "ஆறாம் ஆண்டு வேணுமா சார்? உங்க விருப்பம் எனக்குப் பெரிசு" என்றேன். "ஒண்ணாம் ஆண்டை வேற யாருக்காவது குடுத்துடப் போறீங்களோன்னு கேட்கத்தான் வந்தேன்" என்றார். அதே கேள்வியோடு இன்னும் இரண்டு மூத்த ஆசிரியர்கள் வெளியே காத்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கு உங்களில் யாராவது போனால், ஒன்றாம் ஆண்டு கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். வரிசையில் நிற்க வேண்டும்.

கல்யாணம் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு மண்டபத்தில். ஒன்றாம் ஆண்டு முழுவதும் பட்டுப் பாவாடையும் ஜிப்பாவுமாக வந்து இறங்கியது. லோஷினியை அவள் அப்பா கூட்டிவந்தார். இரவு வேலை முடித்து, குளித்து, உடை மாற்றிக்கொண்டு நேராக வந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

வாசலில் பூவால் எழுதியிருந்த மணமக்கள் பெயரை லோஷினி நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. கிசுகிசுத்தால் அவளுக்கே கேட்காது. மூச்சை இழுத்தாள். மேளத்துக்கு மேலே ஒரு குரல் கணீரென்று எழும்பி இரண்டு பெயரையும் வாசித்தது. வாசித்ததோடு விட்டாளா? "பந்தி நடக்கும் இடம்!" "கை கழுவும் இடம்!" "ஆண்கள்!" "பெண்கள்!" என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் கத்திக் கத்தி வாசித்துக்கொண்டே மண்டபத்துக்குள் ஓடினாள். மணவறையில் இருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அப்பா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். "டீச்சர், இது எங்க லோஷினியா?"

"வேற யாரு தம்பி?"

சேகரன் சாருக்குப் பழக்க தோஷம். அவள் பின்னாலேயே போய், உதட்டில் விரலை வைத்து "உஸ்" என்றார். அப்பா ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க சார், கத்தட்டும். நான் இன்னைக்குத் தூங்கப் போறதில்ல."